ஒரே ஒரு கம்பியும் ஒரு கோணமும்

சுனாமி வந்துபோய் இரண்டு வருடம் ஆகியிருக்காது. அந்த வருடத்து ஆயுத பூஜை அன்று, திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் நடந்தது இது. அப்போது நான் பீர்க்கன்கரணையில் ஏரிக்குப் பக்கத்தில் குடியிருந்தேன். வேலை, திருமுடிவாக்கத்தில் ஒரு சின்ன லேத் பட்டறையில். பதவி, சூப்பர்வைசர். கேட்பதற்குக் கம்பீரமாகத்தான் இருக்கும். நான் மேற்பார்வை பார்த்த முக்கியமான பொருள், டீ வாங்கி வரும் தூக்குவாளி. மற்ற நேரத்தில் இயந்திரங்கள்தான் என்னை மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தன.

டிப்ளமோ முடித்தவன் என்பதால் அந்தப் பதவி. டிப்ளமோவை எப்படி முடித்தேன் என்பது எனக்கும் கணக்குப் பாடத்துக்கும் மட்டும் தெரிந்த ரகசியம். மூன்று தடவை எழுதினேன், பிடித்துப்போய் எழுதவில்லை. குறிப்பாக முக்கோணவியல். கோணத்தைக் கொடுத்துப் பக்கத்தைக் கேட்டால் எப்படியோ தட்டுத்தடுமாறிப் போட்டுவிடுவேன். பக்கங்களைக் கொடுத்துக் கோணத்தைக் கேட்டால் தீர்ந்தது கதை. ஒரு வகுப்புத் தேர்வில் 'டேன் தீட்டா' என்று இருந்ததில், டேனை மட்டும் தனியாகக் கழற்றி, அந்தப் பக்கம் கொண்டுபோய், கீழே போட்டு வகுத்துவிட்டேன். வாத்தியார் சிவப்பு மையில் ஒரு வரி எழுதிக் கொடுத்தார்: 'தலையை வெட்டி எடுத்துவிட்டு ஆளை எங்கே என்று தேடுகிறாய்.' வகுப்பில் அதைச் சத்தமாகப் படித்தும் காட்டினார். எனக்கே சிரிப்பு வந்தது. என்ன தப்பு என்று மட்டும் புரியவில்லை.

சரி, பூஜைக்கு வருகிறேன்.

அன்று காலையிலேயே இயந்திரங்களை எல்லாம் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, வாசலில் பூசணிக்காயும் உடைத்தாகிவிட்டது. சுத்தியல், ஸ்பானர், விட்டம் அளக்கும் வெர்னியர் எல்லாவற்றையும் ஒரு பலகையில் வரிசையாக அடுக்கி அவற்றுக்கும் பொட்டு. என் பங்குக்கு, படிக்கிற காலத்தில் வாங்கிய கால்குலேட்டரை அந்த வரிசையில் வைத்திருந்தேன். பூஜை செய்த பையன்கள் அதன் நெற்றியிலும் சந்தனத்தைத் தாராளமாக அப்பி, நடுவில் குங்குமம் வைத்திருந்தார்கள். நெற்றி என்று அவர்கள் நினைத்தது அதன் கண்ணாடித் திரையின் மேல் ஓரத்தை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

முதலாளி கற்பூரம் காட்டி, எல்லோருக்கும் பொரியும் இனிப்பும் கொடுத்துவிட்டுக் கிளம்பும்போது ஒன்றை அழுத்திச் சொன்னார்: நாளைக் காலை வரைக்கும் இயந்திரத்தை யாரும் ஓட்டக் கூடாது. இது எங்கள் பட்டறைக்கு மட்டுமல்ல, தொழிற்பேட்டை முழுவதற்கும் எழுதாத சட்டம். வருடம் பூராவும் காதைப் பிளக்கும் தெரு அன்றைக்கு மட்டும் ஊமையாகிவிடும். மதியத்துக்குள் எல்லா ஷட்டரும் இறங்கிவிட்டன. எங்கள் ஷட்டர் மட்டும் பாதி திறந்திருந்தது. காரணம் கடமை உணர்ச்சி இல்லை. கையில் இருந்த பொரி தீரவில்லை, அவ்வளவுதான்.

அந்தப் பாதி ஷட்டருக்குக் கீழே குனிந்து உள்ளே வந்தார் ஓர் அக்கா. பின்னால் அவர் வீட்டுக்காரர். அவர் தோளில், லுங்கியில் சுற்றிய ஏதோ ஒரு கனமான மூட்டை. வெளியே நின்ற டி.வி.எஸ். வண்டியில், நீளமான ஒரு இரும்புத் தண்டைக் கரும்பு கட்டுகிற மாதிரி பக்கவாட்டில் கட்டியிருந்தார்கள்.

"இன்னா சார், இந்தத் தெருவுல ஒரு கடையாச்சும் தொறந்து கீதா? சுத்திச் சுத்தி வந்துகினு கீறோம்" என்றார் அந்த அக்கா.

கோவளம் பக்கத்து மீனவக் குடும்பம். படகின் பின்பக்கம் தண்ணீருக்குள் சுழலுமே விசிறி, அது ஒரு தண்டின் முனையில் உட்கார்ந்திருக்கும். அந்தத் தண்டைப் பட்டறையில் ஷாப்ட் என்போம். முந்தின நாள் சாயங்காலம் கடலில் வலை போட்டுவிட்டுத் திரும்பும்போது, அந்த ஷாப்ட் விசிறி உட்காரும் இடத்தில் முறிந்து தொங்கிவிட்டது. நல்ல வேளை, கரை பக்கத்தில் இருந்ததால் இன்னொரு படகு கயிறு கட்டி இழுத்து வந்திருக்கிறது. ஆனால் வலை கடலில் கிடக்கிறது.

"வேற படகுல போய் எடுக்க முடியாதா?" என்று கேட்டேன். நல்ல கேள்வி கேட்டதாகத்தான் எனக்கு நினைப்பு.

"இன்னிக்கு எல்லாப் படகுக்கும் பூஜை போட்டுக் கரைல ஏத்திட்டானுங்க. நாளைக்கு அவனவன் அவனவன் வலைக்குப் போவான், எங்க வலைக்கு எவன் வருவான்?" என்றார் அக்கா. "காத்து வேற மாறிகினு கீது. நாளன்னிக்குக் கடலுக்குப் போகாதேன்னு மைக் கட்டிச் சொல்லிட்டான்னா முடிஞ்சுது. சுனாமில எல்லாம் போயி, இப்பத்தான் சார் ஒரு செட்டு வலை சேத்தோம். அது போச்சுன்னா அப்புறம் படகு எதுக்கு, வெயில்ல காயவா?"

அவர் வீட்டுக்காரர் மூட்டையைப் பிரித்துப் பித்தளை விசிறியைத் தரையில் வைத்துவிட்டு, அதன் பக்கத்திலேயே குந்திக்கொண்டார். அவருக்கும் சேர்த்து அந்த அக்காவே பேசினார்.

அப்போது உள்ளே குளித்து முடித்து, நெற்றி நிறைய விபூதியோடு வந்தார் எங்கள் டர்னர் அண்ணன். லேத்தில் கடைகிறவரை டர்னர் என்பார்கள். எங்கள் பட்டறையின் நிஜமான தூண் அவர்தான்; நான் அதில் ஒட்டிய நோட்டீஸ். குடும்பத்தோடு குன்றத்தூர் முருகன் கோயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். விசிறியைத் தூக்கி, நடு ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தார்.

அந்த ஓட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது நேரான ஓட்டை இல்லை. ஒரு பக்கம் அகலம், மறுபக்கம் குறுகல், புனல் மாதிரி; இந்தச் சரிவை டேப்பர் என்போம். ஷாப்டின் முனையும் அதே சரிவில் கூம்பியிருந்தால்தான் விசிறி கவ்விப் பிடிக்கும். இல்லாவிட்டால் ஆடும், ஆடினால் மறுபடி முறியும். பழைய ஷாப்டின் முறிந்த முனையைப் பார்த்து அளவு எடுக்கலாம் என்றால், கரையில் யாரோ மெக்கானிக் அதை விசிறியிலிருந்து சுத்தியால் அடித்து எடுத்ததில் அது அப்பளமாகிவிட்டிருந்தது.

அண்ணன் வழக்கமாகச் செய்யும் முறை வேறு. கொஞ்சம் கடைவார். முனையில் நீல மை தடவுவார். விசிறியை மாட்டிச் சுற்றிக் கழற்றி, மை எங்கே அழிந்திருக்கிறது என்று பார்ப்பார். கத்தியைக் கொஞ்சம் திருப்பி மறுபடி கடைவார். இப்படியே நெருங்கிப் போவார். ஆனால் ஒவ்வொரு தடவையும் கம்பி இளைக்கும். எங்களிடம் இருந்தது ஒரே ஒரு துருப்பிடிக்காத இரும்புக் கம்பி. அதுவும் இந்த ஷாப்டுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி, கூட ஒரு நூல் கிடையாது. வேறு வாங்க வேண்டும் என்றால் பாரிமுனைக்குப் போக வேண்டும். அங்கேயும் பூஜை, கடைகள் இல்லை.

"மிஷினை இன்னைக்குத் தொட மாட்டேன்மா, தப்பா நினைக்காதே" என்றார் அண்ணன். "விடிஞ்சதும் முதல் வேலை உன்னுதுதான். ஆனா இந்தக் கம்பில டிரையல் பாக்க முடியாது. ஒரே தடவைல உட்காரணும். எனக்கு டிகிரி கரெக்டா வேணும். எத்தனை டிகிரின்னு சொன்னா கத்தியைத் திருப்பி வெச்சு இழுத்துருவேன்."

"டிகிரி யாரு சொல்லுவாங்க?" என்று கேட்டார் அக்கா.

அண்ணன் என்னைப் பார்த்தார். வாயில் பொரியோடு நான் நின்றுகொண்டிருந்தேன்.

"சொல்றதுக்குத்தானே டிப்ளமோ படிச்ச ஆளு ஒருத்தர வெச்சிருக்கோம்" என்று சொல்லிவிட்டுக் கோயிலுக்குக் கிளம்பிவிட்டார். அவர் குரலில் கிண்டல் இருந்ததா, நம்பிக்கை இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

சரஸ்வதி பூஜை அன்று புத்தகத்தைத் தொடக் கூடாது என்பது, படிக்கிற காலத்தில் நான் பக்தியோடு கடைப்பிடித்த ஒரே விரதம். அதே நாளில் உட்கார்ந்து முக்கோணவியல் போடும்படி என் தலையில் எழுதியிருந்தது. பூஜைப் பலகையில் இருந்த வெர்னியரைத் தொட மனசு வரவில்லை. என் மேஜை டிராயரில் ஒரு பழைய வெர்னியர் கிடந்தது, அதை எடுத்தேன். கால்குலேட்டர் மட்டும் பலகையில்தான் இருந்தது. அதன் முன்னால் ஒரு கும்பிடு போட்டு, வேலைக்கு இல்லை, வேண்டுதலுக்கு என்று சமாதானம் சொல்லி எடுத்துக்கொண்டேன்.

ஓட்டையின் அகலமான வாய், குறுகலான வாய், இரண்டுக்கும் நடுவில் உள்ள நீளம், மூன்றையும் அளந்தேன். அகலம் இருபத்தைந்து மில்லிமீட்டர். குறுகல் இருபத்தொன்று. நீளம் நாற்பது. ஒரு தடவை அளந்ததை நம்பாமல் மறுபடி மறுபடி அளந்தேன். அக்கா எதிரில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டு, என் கைப் பொரியை வாங்கித் தின்றபடி பார்த்துக்கொண்டே இருந்தார். தேர்வு அறையில்கூட என்னை யாரும் அவ்வளவு கவனமாகக் கண்காணித்ததில்லை.

எப்போதோ மனப்பாடம் செய்த சூத்திரம் மெல்ல மேலே வந்தது. பெரிய விட்டம் என்பது, சின்ன விட்டத்தோடு, நீளத்தைப் போல இரண்டு மடங்கை டேன் தீட்டாவால் பெருக்கிக் கூட்டினால் கிடைப்பது. இதில் ஒரு சிக்கல். இந்தச் சூத்திரம் கோணம் தெரிந்தவனுக்குப் பெரிய விட்டத்தைச் சொல்லும். என்னிடமோ விட்டம் இருக்கிறது, கோணம்தான் இல்லை. சட்டையை உள்பக்கம் வெளியே திருப்புவதுபோல அதைத் திருப்ப வேண்டும்.

காகிதத்தில் எழுதினேன். இருபத்தொன்றை இந்தப் பக்கம் கொண்டு வந்தால் கழித்தல், நான்கு மிச்சம். நாற்பதின் இரண்டு மடங்கு எண்பது. அது கீழே வரும். நான்கின் கீழ் எண்பது. அந்தப் பக்கம் டேன் தீட்டா மட்டும் நிற்கிறது. பழைய பழக்கத்தில் டேனையும் பிடித்துக் கீழே இழுக்கக் கை போனது. நிறுத்தினேன். எப்படியும் இந்த முறை வாத்தியார் இல்லை, சிவப்பு மை இல்லை. ஆனால் எதிரே இந்த அக்கா இருக்கிறார்.

அப்போதுதான் முதல் முறையாக நிதானமாக யோசித்தேன். டேன் என்பது ஒரு எண் இல்லை. கோணத்தை உள்ளே போட்டால் ஒரு எண்ணை வெளியே தரும் ஒரு ஏற்பாடு. மாவு அரைக்கும் இயந்திரத்தை அரிசியிலிருந்து வகுத்துவிட முடியுமா? வெளியே வந்ததைக் கொடுத்து, உள்ளே போனது என்ன என்று திருப்பிக் கேட்கத்தான் வேண்டும். கால்குலேட்டரில் அதற்கென்றே ஷிப்டும் டேனும் சேர்த்து அழுத்தும் வழி இருக்கிறது. இத்தனை வருடம் அந்தப் பொத்தானை அழுத்தியிருக்கிறேன். ஏன் அழுத்துகிறேன் என்று தெரிந்து அழுத்தியது அன்றுதான்.

அழுத்தினேன். பூஜ்யம் புள்ளி பூஜ்யம் நான்கு ஒன்பது என்று ஏதோ வந்தது. கிட்டத்தட்ட பூஜ்யம் புள்ளி பூஜ்யம் ஐந்து.

வந்துவிட்டது என்ற சந்தோஷத்தில் உடனே அண்ணனுக்குப் போன் போட்டேன். அவர் மலைப்படியில் ஏறிக்கொண்டிருந்தார். மூச்சு வாங்கக் கேட்டுவிட்டு, "பூஜ்யம் புள்ளி பூஜ்யம் அஞ்சா? அது டிகிரியா, இல்லை கேக்கறவன் தலையெழுத்தா?" என்றார். "அவ்வளவு கம்மின்னா அது டேப்பரே இல்ல தம்பி, நேர்க்கம்பி. சாமி கும்பிட்டுட்டு வர்றேன், ஒழுங்காப் பாத்து வை." போனை வைத்துவிட்டார்.

"இன்னா சார், வரலியா?" என்று கேட்டார் அக்கா.

"வந்துச்சுக்கா. தப்பா வந்துச்சு."

"தப்பா வந்தாலும் வந்துச்சு இல்ல. அடுத்த தபா கரெக்டா வரும். நீ போடு" என்றார். சார் எப்போது போய் நீ எப்போது வந்தது என்று நான் கவனிக்கவில்லை. பொரியும் தீர்ந்துபோயிருந்தது.

ஓட்டைக்குள் என் விரலை விட்டுப் பார்த்தேன். அகலமான பக்கம் கட்டை விரல் போகிறது, குறுகலான பக்கம் இடிக்கிறது. கண்ணுக்குத் தெரியும் சரிவு பூஜ்யமாக இருக்க முடியாது. அளவு சரி. கூட்டல் கழித்தல் சரி. திருப்பியதும் சரி. பின்னே எங்கே? மறுபடி முதலிலிருந்து போட்டேன்; அதே விடை. வேறு காகிதத்தில் போட்டேன், அதே விடை. வழக்கமாக இந்தக் கட்டத்தில்தான் நான் விடைத்தாளைக் கட்டிக் கொடுத்துவிட்டு வெளியே டீ குடிக்கப் போவேன். அன்று எழுந்திருக்கவில்லை. எழுந்தால் அந்த அக்காவைத் தாண்டித்தான் போக வேண்டும், அந்தப் பேசாத மனிதரைத் தாண்டித்தான் போக வேண்டும். கண்டுபிடித்தே தீருவது என்று உட்கார்ந்துவிட்டேன்.

கால்குலேட்டரைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். காய்ந்த சந்தனம் நகத்தில் பட்டு உதிர்ந்தது. அதன் அடியில், திரையின் மேல் ஓரத்தில், எறும்பு அளவுக்கு ஒரு ஆங்கில எழுத்து. டிகிரிக்கு உள்ள 'டி' இல்லை; ரேடியனுக்கு உள்ள 'ஆர்'. கோணத்தை அளக்க டிகிரியைப் போல ரேடியன் என்று இன்னொரு அளவு உண்டு. அடிக்கு மீட்டர் மாதிரி. என் மூன்றாவது முயற்சித் தேர்வில் ஏதோ ஒரு கேள்விக்காக மாற்றியதை நான் திருப்பி வைக்கவே இல்லை. கால்குலேட்டர் பாவம், சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. வேறு மொழியில் சொல்லியிருக்கிறது. அதையும் சொல்லத்தான் பார்த்தது. நாங்கள்தான் அதன் வாயில் சந்தனத்தை அப்பிவிட்டோம்.

டிகிரிக்கு மாற்றி அழுத்தினேன். இரண்டு புள்ளி எட்டு ஆறு.

இந்த முறை போன் செய்யவில்லை. விடையை எடுத்துச் சூத்திரத்தின் தலையில் திரும்பப் போட்டுப் பார்த்தேன். இருபத்தொன்றோடு கூட்டினால் சரியாக இருபத்தைந்து வந்தது. அக்காவிடம் காகிதத்தைக் காட்டினேன். அவர் அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, "நல்லா கீது" என்றார். அன்று இரவு பம்மலில் சொந்தக்காரர் வீட்டில் தங்கிவிட்டு விடிந்ததும் வருவதாகச் சொல்லிக் கிளம்பினார்கள். விசிறியை என்னிடமே விட்டுவிட்டுப் போனார்கள்.

மறுநாள் விஜயதசமி. குழந்தைகளுக்கு எழுத்தறிவிக்கும் நாள். நான் பட்டறைக்குப் போய்ச் சேர்வதற்குள் அவர்கள் இருவரும் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணன் இயந்திரத்துக்குச் சூடம் காட்டி, மாலையை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, கம்பியை லேத்தில் பிடித்தார். மற்ற வேலையெல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. கத்தி உட்காரும் மேடையைத் திருப்ப வேண்டிய கட்டம் வந்தது. என் காகிதத்தைப் பார்த்தார்.

"ரெண்டே முக்காலுக்கு மேல கொஞ்சம். சரி, அப்ப இதுல பாதி வைக்கிறேன்" என்று திருக ஆரம்பித்தார்.

"பாதியா? எதுக்குண்ணா பாதி?"

"டிராயிங்ல வர்ற டிகிரியை எப்பவும் பாதியாக்கித்தான் தம்பி கத்தியைத் திருப்பணும். கம்பி சுத்துது இல்ல, ரெண்டு பக்கமும் சரியும். ஒரு பக்கத்துக்குப் பாதிதான். இது கூடத் தெரியாதா?"

எனக்குத் தெரியவில்லைதான். அவர் சொல்வதில் நியாயம் இருந்தது. பெரிய கம்பெனிகளிலிருந்து வரும் வரைபடங்களில் இரண்டு சரிவுக்கும் நடுவில் உள்ள முழுக் கோணத்தைத்தான் போடுவார்கள். ஒருமுறை பாதியாக்க மறந்து ஒரு வேலை முழுவதையும் குப்பையில் போட்டிருக்கிறார் அவர். அந்தச் சூடு அவருக்கு மறக்குமா?

ஆனால் என் விடை வரைபடத்தில் இருந்து வரவில்லையே. நான்கின் கீழ் எண்பது என்று போட்டேனே, அந்த எண்பது எங்கிருந்து வந்தது? நாற்பதின் இரண்டு மடங்கு. அந்த இரண்டுதான் பாதியாக்கும் வேலையை ஏற்கெனவே செய்துவிட்டது. இவர் இன்னொரு தடவை பாதியாக்கினால் கால்வாசி ஆகிவிடும். முனையைச் சரியான அளவில் கடைந்துவிட்டு அடிப்பக்கம் போகப் போக, தடிமன் போதாமல் இளைத்துப்போகும். விசிறி லொடலொட என்று ஆடும். வேறு கம்பி கிடையாது.

"பாதியாக்காதீங்கண்ணா. ஏற்கெனவே பாதிதான் அது."

"நேத்து பூஜ்யம்னு சொன்னதும் இதே வாய்தானே?"

நியாயமான கேள்வி. என் பேச்சை நம்ப அவருக்கு ஒரு காரணமும் இல்லை. என் பேச்சை நானே நம்பிய வரலாறும் குறைவு. அதுவரை யாராவது கொஞ்சம் குரலை உயர்த்தினால், ஒரு ஜோக் அடித்துவிட்டு, "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று நழுவுவதுதான் என் வழி. அன்றும் வாய் வரைக்கும் ஒரு ஜோக் வந்தது. விழுங்கிவிட்டேன்.

அண்ணன் படகுக்காரரைப் பார்த்து, "என்னங்க, நீங்களே சொல்லுங்க, யார் பேச்சைக் கேக்கலாம்?" என்றார்.

முந்தின நாளிலிருந்து வாய் திறக்காத அந்த மனிதர் அப்போதுதான் பேசினார். "எனக்கு இன்னா தெரியும் சார். நீங்க ரெண்டு பேரும் ஒண்ணாச் சொல்லுங்க. அப்புறம் வெட்டுங்க."

"ஒரு பத்து நிமிஷம் குடுங்கண்ணா" என்றேன். சாக்கட்டியை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். முந்தின நாள் கழுவிவிட்ட சிமென்ட் தரை பளிச்சென்று இருந்தது. ஓட்டையை அப்படியே பத்து மடங்கு பெரிதாக வரைவது என் திட்டம். இருபத்தைந்து மில்லிமீட்டருக்கு இருபத்தைந்து சென்டிமீட்டர், நாற்பதுக்கு நாற்பது. நடுக்கோடு நேராக வர வேண்டும். சணல் கயிற்றின் ஒரு முனையைப் பிடிக்க ஆள் தேவைப்பட்டது. அக்கா புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்து கயிற்றைப் பிடித்தார்.

"விடிகாலையில வூட்டு வாசல்ல போட வேண்டிய கோலத்த இங்க போட்டுகினு கீறேன்" என்றார். "கோணலாப் போகுது பார், இந்தாண்ட இழு."

இழுத்தேன். நடுக்கோடு. இந்தப் பக்கம் அகலத்தில் பாதி, அந்தப் பக்கம் பாதி. மறுமுனையில் குறுகலில் பாதி, பாதி. இரண்டையும் சேர்த்துச் சரிவுக் கோடுகள். அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு நின்றவர், மெல்ல வந்து குனிந்தார். பாகைமானியை நடுக்கோட்டில் நான் வைக்கப் போனேன்; அவர் அதை என் கையிலிருந்து வாங்கித் தானே வைத்தார். சரிவுக் கோட்டோடு கண்ணை வைத்துப் பார்த்தார். ஒரு பக்கத்துக்கு மட்டும், மூன்றுக்கு ஒரு மயிரிழை குறைவு. இன்னொரு பக்கத்திலும் வைத்துப் பார்த்தார். அதுவும் அதே.

அவர் எழுந்து கையில் ஒட்டிய சாக்கட்டிப் பொடியைத் தட்டினார்.

"முழுசா அஞ்சே முக்கால். பாதி ரெண்டே முக்கால் சில்லறை" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு என்னிடம், "முதல்லயே பாதின்னு எழுதியிருக்கலாம் இல்ல? கம்பியோட சேத்து என்னையும் வெட்டப் பாத்தியே" என்றார்.

அதுவும் உண்மைதான். விடை எழுதினேன், எதன் விடை என்று எழுதவில்லை.

லேத் ஓடியது. கம்பியிலிருந்து சுருள் சுருளாக வெள்ளி மாதிரி உரிந்து விழுந்தது. கடைசி இழுப்பு முடிந்ததும் அண்ணன் முனையைத் துடைத்து, நீல மை தடவி, விசிறியைத் தூக்கி மாட்டி, அரைச் சுற்று சுற்றிக் கழற்றினார். நான் பார்க்கவில்லை. சுவரில் இருந்த மின்சாரப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் சுவாரசியமாக ஒன்றும் இல்லை.

"தம்பி, இங்க பாரு."

மை ஓரிடத்தில் மட்டும் அல்ல, முனையிலிருந்து அடிவரைக்கும் ஒரே சீராக அழிந்திருந்தது. ஓட்டை முழுவதும் கம்பியைத் தொட்டிருக்கிறது. விசிறியை மறுபடி மாட்டி, மரச் சுத்தியால் ஒரே ஒரு தட்டு தட்டினார். பிறகு படகுக்காரரிடம், கழற்றுங்கள் பார்க்கலாம் என்றார். வலை இழுத்துக் காய்த்துப்போன கைகள் அவருக்கு. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். வரவில்லை. மறுபடி இழுத்தார். வரவில்லை. திரும்பி மனைவியைப் பார்த்து, முதல் தடவையாகச் சிரித்தார்.

மதியத்துக்குள் அவர்கள் கிளம்பிவிட்டார்கள். வண்டியில் ஷாப்டைக் கட்டும்போது அக்கா தரையில் இருந்த என் கோலத்தை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு போனதைப் பார்த்தேன். அன்று சாயங்காலம் பட்டறைத் தொலைபேசி அடித்தது. அந்த அக்காதான், ஒரு ரூபாய் போடும் போனிலிருந்து பேசுகிறார் போலிருந்தது. பின்னால் காற்று இரைந்துகொண்டிருந்தது.

"தம்பி, வலை வந்துடுச்சு. மீனுல பாதி நாறிப் போச்சு, நண்டு வேற கடிச்சு வெச்சிருக்கு. போனாப் போவுது. வலை முழுசா வந்துடுச்சு. விசிறி ஆடவே இல்லன்னு அவரு சொல்லச் சொன்னாரு." அதற்குள் காசு தீர்ந்து இணைப்பு போய்விட்டது. அடுத்த நாளிலிருந்து ஒரு வாரம் விடாத மழை. கடலுக்கு யாரும் போகவில்லை என்று செய்தியில் சொன்னார்கள்.

கணக்கு தப்பானால் மதிப்பெண் போகும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் நிறைய பேர். மதிப்பெண் போவது எனக்குப் பெரிதாக வலித்ததில்லை. போன மதிப்பெண்ணை வைத்து நாலு பேரைச் சிரிக்க வைத்துவிடலாம். யாரோ ஒருவரின் வலை போகும் என்று அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை. தோன்றியிருந்தால் முதல் தடவையே தேறியிருப்பேனா என்று கேட்டால், அதற்கும் உத்தரவாதம் கிடையாது. ஆனால் இன்றைக்கும் ஒரு காகிதத்தில் எதையாவது கணக்குப் போட்டு அடியில் கோடு இழுக்கும் முன்னால், இந்த விடையை நம்பி எங்கோ ஒரு வாசலில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஒரு நிமிடம் யோசித்துப் பார்க்காமல் என் கை அந்தக் கோட்டை இழுப்பதில்லை.